ஒரேகான் கடற்கரைக்கு 25 அடி மோட்டார்ஹோம்: குடும்பத்துக்குச் சரிப்படுமா?

அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி ஓடும் யூ.எஸ். 101 நெடுஞ்சாலை, ஒரேகான் மாநிலத்துக்குள் மட்டும் 363 மைல் நீள்கிறது. ஏறத்தாழ 584 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தூத்துக்குடி போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கே அஸ்டோரியாவில் விடியற்காலையில் கிளம்பினால், இருட்டுவதற்குள் காரில் தெற்கே புரூக்கிங்ஸைத் தொட்டுவிடலாம். ஆனால் இந்தச் சாலைக்கு வருகிற குடும்பங்கள் பல, ஒரு வாரத்தை இதற்கென்றே ஒதுக்கிவிட்டு வருகின்றன. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நகரும் மோட்டார்ஹோமில் வருகின்றன.

சியாட்டில், போர்ட்லாண்ட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் கோடை விடுமுறை நெருங்கினால் இந்த யோசனை வருவதுண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஊரிலிருந்து பாட்டியும் வந்திருப்பார். ஐந்து பேர் என்றால் இரண்டு ஓட்டல் அறை, மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு, வழியெல்லாம் கழிப்பறை தேடும் பாடு. இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வண்டி விடையாகுமா என்பதுதான் கேள்வி. ஆகும், ஆனால் அந்த வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

வண்டி எப்படிப்பட்டது?

இங்கே எடைபோடுவது, வாடகை நிறுவனங்களிடம் பரவலாகக் கிடைக்கும் 25 அடி ‘கிளாஸ் சி’ வகை. ஓட்டுநர் அறையும் எஞ்சினும் அடிச்சட்டமும் ஃபோர்டு ஈ-450 வேனுடையவை. பின்னால் இருக்கும் வீட்டை மோட்டார்ஹோம் கட்டும் நிறுவனம் அதன் மேல் ஏற்றியிருக்கும். ஓட்டுநரின் தலைக்கு மேலே முன்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு பரண் படுக்கை இருப்பது இந்த வகையின் அடையாளம். 2021 மாடலிலிருந்து இதில் 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின்; அதற்கு முந்தையவற்றில் 6.8 லிட்டர் வி10. ஆறு கியர் ஆட்டோமேட்டிக். சாமான், ஆட்கள், தண்ணீர் எல்லாம் ஏற்றியபின் வண்டியின் மொத்த எடை 14,500 பவுண்டு வரை, அதாவது ஆறரை டன் வரை போகலாம்.

இத்தனை கனமான வண்டிக்குத் தனி உரிமம் தேவையில்லை. கார் ஓட்டும் சாதாரண உரிமமே ஒரேகானில் போதும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கை தானாகப் பழகிவிடாது. வாடகை நிலையத்தை விட்டு நேரே நெடுஞ்சாலையில் ஏறாமல், ஒரு பெரிய கடையின் காலி வாகன நிறுத்தத்தில் அரை மணி நேரம் வளைத்துப் பழகிவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஓட்டினால் எப்படி இருக்கிறது?

முதலில் பழக வேண்டியது அகலத்தை. வண்டி எட்டடிக்கும் கூடுதல் அகலம். பக்கவாட்டுக் கண்ணாடிகள் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது உயரம். சுமார் 12 அடி உயரமுள்ள வண்டி என்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். துரித உணவுக் கடைகளின் வண்டிவழிக் கூரை, மல்டி லெவல் பார்க்கிங், தாழ்ந்த மரக்கிளை எதையும் இந்த உயரம் மன்னிக்காது.

மூன்றாவது, புதியவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது: வால் வீச்சு. பின்சக்கரங்களைத் தாண்டி வண்டி வெகுதூரம் பின்னால் நீள்கிறது. பெட்ரோல் பங்கில் பம்பு வலப்பக்கம் நிற்கிறது, எண்ணெய் போட்டாயிற்று, வெளியேறும் வழி இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். காரில் செய்வதுபோல ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தால், வண்டியின் பின்பக்க வலது மூலை பம்பை நோக்கி வீசும். சரியான வழி, பின்மூலை பம்பைத் தாண்டும்வரை நேரே நகர்த்தி, அதன்பிறகு மெல்ல ஒடிப்பதுதான். பின்னால் ஒருவர் இறங்கி நின்று கை காட்டினால் இன்னும் நல்லது.

சாலையில் ஏறிவிட்டால் வண்டி பணிந்து போகிறது. ஒரேகான் 101இல் பெரும்பாலான இடங்களில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். இந்த வண்டிக்கும் அதற்குமேல் ஆசை இல்லை. எஞ்சினுக்குச் சக்தி குறைவில்லை. கேப் பெர்பெச்சுவா மாதிரியான ஏற்றங்களில் கியர் இறங்கி உறுமும், அவ்வளவுதான். கியர் கம்பியின் நுனியில் இருக்கும் ‘டோ/ஹால்’ பொத்தானை அழுத்திவிட்டால், இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. இந்தக் கரையில் அடிக்கடி உதவும் ஒரே பொத்தான் இதுதான்.

குறைகளும் உண்டு. எஞ்சினின் பாதி ஓட்டுநர் அறைக்குள் மேடாகப் புகுந்திருப்பதால், பக்கத்து இருக்கைக்காரர் கால் நீட்ட இடம் குறைவு, சூடும் ஏறும். தட்டையான பெரிய பக்கச் சுவர்மேல் கடற்காற்று மோதும்போது வண்டி பக்கவாட்டில் தள்ளும். எதிரே மரலாரி கடக்கும்போதும் அப்படியே. உள்ளே பாத்திரமும் கதவும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் பின்னால் இருக்கிறவர்களோடு பேசுவது சிரமம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டினால் தோள் வலிக்கும்.

பாலங்களில் தனிக் கவனம் வேண்டும். கொண்டே மெக்கல்லோ என்ற பொறியாளர் வடிவமைத்த ஐந்து பெரிய பாலங்கள் 1936இல் இந்தக் கரையில் திறக்கப்பட்டன. அதுவரை அங்கெல்லாம் படகில்தான் வண்டிகளைக் கடத்தினார்கள். நியூபோர்ட்டின் யாக்கினா விரிகுடாப் பாலம், ஃபுளோரன்சின் சயூஸ்லா பாலம், கூஸ் விரிகுடாவின் ஒரு மைல் நீளப் பாலம் ஆகியவை இன்றும் அதே வளைவுகளோடு நிற்கின்றன. பார்க்க அழகு. ஆனால் அந்தக் காலத்துக் கார்களுக்கென்று போட்ட அகலத்தில் இன்றைய மோட்டார்ஹோம் ஏறும்போது இருபக்கமும் மிச்சம் குறைவு. பாலத்தைக் கடக்கும்வரை மையக்கோட்டில் கண் வைத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே முறை. காட்சியைப் பார்க்கப் பாலங்களின் அருகே நிறுத்துமிடங்கள் உண்டு.

திசையையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால், வடக்கிலிருந்து தெற்கே இறங்கினால் கடல் வலப்பக்கம், அதாவது நம் பக்கமே வரும். காட்சி முனைகளுக்கு எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டாமல் நேரே ஒதுங்கலாம். 25 அடி வண்டிக்கு இது பெரிய ஆறுதல்.

தண்ணீரும் கழிவும்

வீட்டில் யாரும் யோசிக்காத ஒன்றை இந்த வண்டி தினமும் யோசிக்க வைக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. இந்த அளவு வண்டிகளில் வழக்கமாக 150 லிட்டர் அளவு. குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் போக ஒரு தொட்டி. கழிப்பறைக்குத் தனியாக ஒரு தொட்டி. வெந்நீர்க் கொதிகலன் சுமார் 23 லிட்டர். ஒருவர் ஷவரைத் திறந்து விட்டபடி குளித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உடம்பை நனைத்து, மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவதே இங்கே குளியல். வாளியில் மொண்டு குளித்துப் பழகிய பாட்டிக்கு இந்தச் சிக்கனம் பேரப்பிள்ளைகளைவிடச் சீக்கிரம் கைவரும்.

கழிப்பறையில் பேப்பருக்குப் பதில் தண்ணீர் பயன்படுத்தும் நம் பழக்கம் வண்டிக்கு நல்லதே. கழிவு இறுகாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். என்ன, தொட்டி சீக்கிரம் நிறையும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காலி செய்வதாகத் திட்டமிட வேண்டும். பேப்பர் போடுவதானால் கரையும் வகை மட்டும்.

காலி செய்யும் வேலை பயப்படும் அளவுக்கு மோசமில்லை. முகாமின் கழிவுத் துளையருகே வண்டியை ஒட்டி நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு, தடித்த குழாயின் ஒரு முனையை வண்டியில் முறுக்கிப் பூட்டி, மறுமுனையைத் துளையில் செருக வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டியின் வால்வு. அது ஓய்ந்தபின் குளியல் தண்ணீர்த் தொட்டியின் வால்வு. இந்த வரிசை மாறக்கூடாது. சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்தால்தான் குழாய் கழுவப்படும். இன்னொன்று: கழிவு இணைப்புள்ள இடத்தில் நிறுத்தினாலும் கழிப்பறை வால்வை எப்போதும் திறந்து வைக்கக்கூடாது. தண்ணீர் வடிந்து கழிவு மட்டும் தொட்டியில் தங்கி இறுகிவிடும். முக்கால் பங்கு நிறைந்தபின் திறந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் போய்விடும்.

மின்சாரமும் அடுப்பும்

முகாமில் கிடைக்கும் இணைப்பு வழக்கமாக 30 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். ஏ.சி., மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். ஏதேனும் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே சுற்றாது. அமெரிக்காவில் விற்கும் 110 வோல்ட் மிக்ஸி இருந்தால் தேங்காய்ச் சட்னிக்குக் கவலையில்லை.

இணைப்பு இல்லாத இடத்தில் வண்டியிலேயே ஒரு ஜெனரேட்டர் உண்டு, பொதுவாக 4,000 வாட். அது வண்டியின் பெட்ரோல் தொட்டியிலிருந்தே குடிக்கும். கால் தொட்டி மிஞ்சும்போது தானாக நின்றுவிடும்படி அதன் குழாயைப் பொருத்தியிருப்பார்கள். வண்டியை ஓட்ட எரிபொருள் மிஞ்ச வேண்டுமே. வாடகை நிறுவனங்கள் ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்குக்குத் தனியாகப் பணம் கேட்கும். இரவு 10 மணிக்குமேல் மாநிலப் பூங்கா முகாம்களில் அமைதி நேரம், ஓட்ட முடியாது.

இந்தக் கரையில் ஜெனரேட்டருக்கும் ஏ.சி.க்கும் வேலை அனேகமாக இல்லை. ஜூலையிலேயே நியூபோர்ட்டில் பகல் வெயில் 20 டிகிரியைத் தொடத் தயங்கும். காலையில் மூடுபனி இறங்கும். வேண்டியது ஹீட்டர், அது புரொப்பேன் வாயுவில் எரிகிறது, அதன் விசிறியை வண்டியின் பேட்டரி சுழற்றுகிறது. கிளம்புமுன் புரொப்பேன் அளவைப் பார்த்துக்கொண்டால் இரவில் நடுங்க வேண்டியதில்லை.

அடுப்பும் அதே வாயுவில்தான். மூன்று லிட்டர் குக்கர் தாராளமாக உட்காரும். சாம்பார் சாதம், லெமன் சாதம், தோசை எல்லாம் நடக்கும். தாளிப்புதான் சிக்கல். சின்ன அறை, தலைக்கு மேலே புகை எச்சரிக்கைக் கருவி. கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் விழுந்த கணமே அது அலறும். கூரை ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, வெளியில் சமைப்பது: முகாமின் ஒவ்வோர் இடத்திலும் மர மேசையும் நெருப்பு வளையமும் போட்டிருக்கிறார்கள். இட்லி மாவை வீட்டிலேயே புளிக்கவைத்து எடுத்துப் போக வேண்டும். கடலோரக் குளிரில் இரவோடு இரவாகப் பொங்காது.

வண்டி ஓடும்போது வீட்டை மறந்துவிட வேண்டும். நிற்கும்போது சமையலறையாகத் தெரிவது, ஓடும்போது வெறும் வாகனம். பாட்டிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் நேரமாகும்.

“ஏன்டா கண்ணா, சும்மாதானே உட்கார்ந்திருக்கேன், எழுந்து கொஞ்சம் காப்பி கலந்துடட்டுமா?”

“வேணாம்மா, பெல்ட்டைக் கழட்டாதே. அடுத்த வியூ பாயின்ட்ல நிறுத்தறேன், அப்பறம் போடு.”

இப்படி ஒரு பேச்சு எல்லா வண்டியிலும் நடக்கும். மகன் சொல்வதே சரி. பின்னால் உட்காருபவர்கள் சாப்பாட்டு மேசையின் இருக்கைகளில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். குழந்தை இருக்கையை முன்னோக்கிய இருக்கையில்தான் பொருத்த முடியும். பக்கவாட்டு சோபா அதற்கு ஆகாது. எந்த இருக்கையில் எந்த பெல்ட் என்பதை வாடகை பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தூக்கம்

25 அடியில் ஐந்து பேர் படுக்கலாம். பின்பக்க இரட்டைக் கட்டில், மேலே பரண், இறக்கி விரித்தால் கட்டிலாகும் சாப்பாட்டு மேசை. ஏணி ஏற முடியாத பாட்டிக்குப் பின்கட்டிலைக் கொடுப்பதே முறை. கழிப்பறையும் இரண்டு எட்டில் இருக்கும். நள்ளிரவில் முகாமின் பொதுக் கழிப்பறைவரை குளிரில் நடக்க வேண்டாம் என்பது ஒன்றே முதியவர்களோடு வருகிற குடும்பத்துக்கு இந்த வண்டியின் பாதி வாடகையை நியாயப்படுத்திவிடும். பரண் பிள்ளைகளின் ராஜ்ஜியம். விழாமல் இருக்க வலை கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசைக் கட்டில்தான் பெரியவர்களுக்குக் குறுகல். ஆறடி ஆளுக்குக் கால் மடங்கும்.

படுக்குமுன் வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். பல வண்டிகளில் இருக்கும் புரொப்பேன் ஃபிரிட்ஜ், சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றினால் போதும்.

எங்கே நிறுத்துவது?

இந்த வண்டிக்கு ஒரேகான் பொருந்துவதற்கான உண்மையான காரணம் எஞ்சினில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில், ஈர மணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று மாநிலம் அறிவித்தது. 1966இல் கேனன் பீச்சில் ஒரு விடுதி உரிமையாளர் தன் விடுதிக்கு முன்னிருந்த உலர் மணலை வேலி போட்டுத் தன் விருந்தினருக்கென்று ஒதுக்கினார். மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே, ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்தில் கடற்கரைச் சட்டம் வந்தது. செடிகொடி தொடங்கும் எல்லைவரை மணலில் நடக்கவும் உட்காரவும் எல்லோருக்கும் உரிமை என்று அது உறுதிசெய்தது. அதனால்தான் இந்தக் கரையில் எங்கே வண்டியை நிறுத்தி இறங்கினாலும், ‘தனியார் கடற்கரை’ என்ற பலகை குறுக்கே வராது.

அந்தக் கரையையொட்டி மாநிலப் பூங்காக்களின் முகாம்கள் வரிசையாக இருக்கின்றன. அஸ்டோரியா அருகே ஃபோர்ட் ஸ்டீவன்ஸ்: 1906இல் கரைதட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூட்டை அங்கே மணலிலேயே தொட்டுப் பார்க்கலாம். நியூபோர்ட்டுக்கு வடக்கே பெவர்லி பீச்: முகாமிலிருந்து நெடுஞ்சாலைக்கு அடியிலேயே நடைவழி கடலுக்குப் போகிறது, பிள்ளைகள் சாலையைக் கடக்க வேண்டாம். ஃபுளோரன்ஸ் அருகே ஜெஸ்ஸி ஹனிமன்: ஏரியும் மணல் குன்றுகளும் ஒன்றாக. புரூக்கிங்ஸில் ஹாரிஸ் பீச்: கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்கு நேர் எதிரே முகாம்.

ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு தங்கினால், ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று பயணம் அமையும். ஓட்டும் நாளிலும் 300 கிலோமீட்டருக்குள் முடியும். முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கிறது; கோடை வார இறுதிகள் திறந்த உடனே தீர்ந்துவிடும். முகாம் கிடைத்தபின் வண்டியை வாடகைக்கு எடுப்பதே சரியான வரிசை.

போகக்கூடாத இடங்களும் உண்டு. கேனன் பீச்சை ஒட்டிய ஈக்கோலா பூங்காவின் பாதை குறுகல், வளைவு அதிகம். பெரிய வண்டிக்கு ஏற்றதல்ல. 235 அடி உயர ஹேஸ்டாக் பாறையைப் பார்க்க ஊருக்குள் அகலமான நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடப்பதே மேல்.

கடலையும் மதிக்க வேண்டும். எதிர்பாராமல் உயர்ந்துவந்து ஆளை இழுத்துச் செல்லும் அலைகள் இங்கே உண்டு. அலையோரம் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள்மேல் பிள்ளைகளை ஏறவிடக்கூடாது, தண்ணீர் வந்தால் அவை புரளும். கரைக்கு அப்பால் காஸ்கேடியா நிலநடுக்கப் பிளவு இருக்கிறது; 1700 ஜனவரியில் அது பெரும் சுனாமியை எழுப்பியது. நெடுஞ்சாலையெங்கும் சுனாமி எல்லைப் பலகைகள் நிற்பது அதனால்தான். நிலம் பலமாக ஆடினால், வண்டியைக் கிளப்பப் பார்க்காமல் மேட்டுக்கு நடந்தே போய்விட வேண்டும். முகாமில் இறங்கியதும் அந்த மேட்டு வழியைப் பார்த்துவைப்பது ஐந்து நிமிட வேலை.

செலவுக் கணக்கு

நாள் வாடகையைப் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு உதைக்கும். அதன்மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் தனிக் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்கட்டணம், காப்பீடு, பாத்திரம் படுக்கைக்கு வாடகை, எடுத்த ஊரைவிட்டு வேறு ஊரில் வண்டியை விட்டால் கூடுதல் தொகை என்று அடுக்கடுக்காக வரும். எரிபொருள் ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்கூடச் சந்தேகம்தான். 363 மைலுக்கு 40 கேலன், சுமார் 150 லிட்டர் ஆகும். நல்ல கார் இதில் மூன்றில் ஒரு பங்கு குடிக்கும். ஒரே ஆறுதல், தூரம் குறைவு. 55 கேலன் கொள்ளும் தொட்டியை ஒருமுறை நிரப்பினாலே கரை முழுவதும் ஓடிவிடலாம்.

இதனால்தான் இந்த வண்டியோடு நீண்ட தூரம் பறப்பவர்களுக்கு அது நஷ்டம். மைல் கட்டணம், எண்ணெய், களைப்பு மூன்றும் தூரத்தோடு ஏறும். தங்கும் நாட்களுக்கோ கூடுதல் எண்ணெய் இல்லை, ஓட்டல் அறை இல்லை, சமையல் கையில் இருக்கிறது.

முடிவு

முதியவர், சிறு பிள்ளைகள், வீட்டுச் சாப்பாடு மூன்றும் உள்ள ஐந்து பேர் குடும்பம், ஏழெட்டு நாள் அவகாசம் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். 30 அடி வண்டி கிடைத்தாலும் 25 அடியே எடுக்க வேண்டும். கூடுதல் ஐந்தடி உள்ளே தரும் வசதியைவிட, காட்சி முனைகளில் நிறுத்த இடமில்லாமல் கடந்து போவதில் இழப்பது அதிகம். நான்கைந்து நாளில் கரை முழுவதும் பார்த்துத் தீர்க்க நினைப்பவர்களுக்கும், ஒவ்வொரு மாலையும் ஊருக்குள் உணவகம் தேடுபவர்களுக்கும் இந்த வண்டி தொல்லை.

அவர்களுக்கு அதே முகாம்களில் இன்னொரு வழி இருக்கிறது. பல கடலோரப் பூங்காக்களில் யர்ட் என்ற வட்டக் கூடார வீடுகளை, கட்டிலும் மின்சாரமும் சூடேற்றியும் வைத்து, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். காரில் வந்து யர்ட்டில் தங்கினால் கடலும் அதே தூரத்தில்தான். முன்பதிவுக்கும் அதே ஆறு மாதக் கணக்குதான்.